பெட்டிக்குள் இருப்பவனுக்கு எந்தச் சுடுகாடு?

(வீரவணக்க நாட்கள் குறித்து மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜூலை 26 வந்தால் கார்கில் நாள். டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்தி அனுப்புவார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இருக்கவே இருக்கு. 2019க்குப் பிறகு புல்வாமா நாளாகப் பிப்ரவரி 14ம் சேர்ந்துகொண்டது. இந்த நாட்களில் செத்துப்போன சிப்பாய்க்கு நாடும் பத்திரிகையும் டி.வி.யும் செய்கிற மரியாதையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள்.

மரியாதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. செத்தவன் ஒரு தாயோட பிள்ளை. பெரும்பாலும் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிச்சு, ஆள் எடுப்பு முகாமில் விடிகாலையில் ஓடி, மார்பு அளவெடுத்து, சம்பளம் வரும், கடன் அடையும், தங்கச்சி கல்யாணம் முடியும்னு போனவன். அவனைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வராது. என் கேள்வி வேற. அந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேருது? உடுப்புக்கா? உடுப்புக்குள் இருந்தவனுக்கா?

1962, 1965, 1971 யுத்தங்களில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் களத்துக்குப் பக்கத்திலேயே எரித்தார்கள், புதைத்தார்கள். ஊருக்கு வந்தது தந்தி. சில வீடுகளுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி வந்திருக்கும். 1999 கார்கிலில்தான் இது மாறியது. 527 பேர் இறந்தார்கள். உடல்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அதே நேரத்தில் தனியார் டி.வி.களும் வீடு வீடாக வந்து சேர்ந்திருந்தன. இந்தியாவில் டி.வி.யில் பார்த்த முதல் யுத்தம் அது.

அன்றைக்கு உருவான வடிவம் இன்றுவரை மாறவில்லை. தேசியக்கொடி போர்த்திய பெட்டி. விமான நிலையத்தில் மலர்வளையம். கலெக்டர், எஸ்.பி., அமைச்சர். மூன்று முறை வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சத்தம். மனைவியின் முகத்துக்கு அரையடி தள்ளி காமிரா. அப்பாவிடம் ஒரு கேள்வி: 'அடுத்த மகனையும் அனுப்புவீங்களா?' பெட்டி வாசலில் கிடக்கிறபோது, ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறபோது, அந்த மனுசன் வேற என்னதான் சொல்லுவார்? மறுநாள் அதுதான் தலைப்பு. அந்தத் தலைப்பை எழுதியது அப்பா இல்லை, கேள்வி கேட்டவன்.

'வீரமரணம்', 'தியாகி' என்று பத்திரிகை எழுதுகிறது. 'தியாகி' என்கிற சொல் அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான வழக்கில் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். இராணுவத்துக்கும் இல்லை, துணை இராணுவத்துக்கும் இல்லை. அதாவது மேடையில் உண்டு, கோப்பில் கிடையாது.

இந்த வடிவத்துக்குள் எல்லாத் தகவலும் வரும். மாவட்டம், ஊர், எத்தனை வருசம் சர்வீஸ், எத்தனை பிள்ளைகள், கடைசியாகப் போனில் என்ன பேசினான், எல்லாம். ஒன்று மட்டும் வராது. அவன் வீடு ஊருக்குள் இருக்கா, சேரியில் இருக்கா என்பது. சில நேரம் 'காலனியைச் சேர்ந்த' என்று ஒரு சொல் நழுவி வந்துவிடும். தெரிஞ்சவன் தெரிஞ்சுக்குவான்.

சாதியைச் சொல்லாமல் விடுவது நல்ல பண்புதானே என்று கேட்பீர்கள். சுடுகாடு வரைக்கும் போய்ப் பாருங்கள், தெரியும்.

2016 ஜூன் மாதம் காஷ்மீரத்தில் பாம்போர் என்ற இடத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வண்டி தாக்கப்பட்டது. இறந்தவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்துக்காரர். நட் என்ற ஒடுக்கப்பட்ட சாதி. கூத்தாடிப் பிழைத்த மக்கள் என்று ஊர் சொல்லும். குடும்பம் தகரக்கூரை போட்ட ஓரறை வீட்டில் இருந்தது. உடல் ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்கக் குடும்பம் இடம் கேட்டது, சிலை வைக்கவும் கேட்டது. ஆதிக்கச் சாதிக்காரர்கள் இடம் தர மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்திய பிறகு, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். யோசிச்சுப் பாருங்க தோழர்களே. மேலே தேசியக்கொடி கிடக்கு. காமிரா நிக்குது. தேசமே வணக்கம் சொல்லுது. கீழே பத்து மீட்டர் மண்ணுக்குப் பேரம் நடக்குது.

செத்தவனிடம் சாதி பார்க்கலாமா என்று நம்மளைப் பார்த்துக் கேட்கிறான். நாம பார்க்கலை ஐயா. ஊர் பார்த்தது.

இது வடநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்கு வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்து மேலேயிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தப் படம் எல்லாரும் பார்த்தோம். உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அவர் பட்டாளத்துக்காரர் இல்லை. பட்டாளத்துக்காரராக இருந்திருந்தால் பாதை விட்டிருப்பார்களா? அன்றைக்கு ஒருநாள், கலெக்டர் வந்திருப்பதால், விட்டிருப்பார்கள். அடுத்த வாரம் அவர் அம்மா செத்தால் அதே பாலம், அதே கயிறு. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் பறையடிக்க நம்ம ஆள் வேணும்; நம்ம சாவுக்கு வரப்புதான் வழி. நடுவில் ஒருநாள் மட்டும் பட்டாளத்துப் பியூகிள் ஊதுகிறது.

புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று ரிசர்வ் போலீஸ்காரர்கள் 40 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் பத்து நாள் டி.வி.யில் வேறு எதுவும் ஓடவில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பழிக்குப் பழி என்று கத்தியவர்களின் பெயர்களையும், பெட்டியில் வந்தவர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். 'தி கேரவன்' பத்திரிகை ஒன்றுதான் அந்த வேலையில் பாதியைச் செய்தது. செத்தவர்களின் குடும்பங்களை விசாரித்து அவர்கள் எந்தெந்தச் சமூகம் என்று எழுதியது. ஆகப் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடிகள். உயர்சாதி இந்துக்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். உடனே படையின் தரப்பில் கோபம் வந்தது. நாங்கள் எல்லாரும் இந்தியர்கள், எங்கள் ரத்தத்தில் சாதி கிடையாது என்ற பொருளில் பதில் வந்தது.

ரத்தத்தில் இல்லைதான். நமக்கும் அதுதான் வாதம். ஆனா ஆள் எடுப்பில் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்களே? 2022இல் அக்னிபத் ஆள் எடுப்பின்போது இது சர்ச்சையானது. இது புதுசு இல்லை, எப்போதும் உள்ளதுதான் என்று இராணுவத் தரப்பு சொன்னது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவில் இருந்துதான் ஆள் எடுப்பதாக இராணுவமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. உயரமும் தோற்றமும் ஒரே மாதிரி வேணுமாம், அதுதான் காரணமாம். சேரும்போது சாதி உண்டு. எரிக்கும்போது சாதி உண்டு. பேப்பரில் எழுதும்போது மட்டும் சாதி இல்லை.

இன்னொரு கல்லறையைப் பற்றிச் சொல்லணும். இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊர். முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கே மருத்துவமனை நடந்தது. அந்த மருத்துவமனையில் மலம் அள்ளுகிற, கூட்டுகிற வேலைக்கு இங்கிருந்தே ஆள் கொண்டு போனார்கள். வெள்ளைக்காரனின் பட்டியலில் அவர்களுக்குச் சிப்பாய் என்று பேர் கிடையாது, 'பின்தொடர்வோர்' என்று பேர். பட்டாளத்துக்குப் பின்னாலேயே நடந்து போகிறவர்கள். அதில் ஒருவர் சுக்கா. பரேலி பக்கம் ஊர், வயது முப்பது. 1915 ஜனவரி 12 அன்று நோயில் செத்தார். அந்த ஊரில் வழங்கிவரும் கதைப்படி, தீண்டப்படாதவர் என்று இந்துக்கள் அவர் உடலை எரிக்க மாட்டோம் என்றார்கள். முஸ்லிம் இல்லை என்று அந்தப் பக்கத்தில் புதைக்க மறுத்தார்கள். கடைசியில் அந்த ஊர் மாதாகோயில் பாதிரியார் தன் கோயில் வளாகத்தில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் காசு போட்டுக் கல் வைத்தார்கள். அந்தக் கல் இன்னும் நிற்கிறது.

ஏழு கடல் தாண்டிப் போனாலும் சாதி கூடவே கப்பல் ஏறிப் போயிருக்கிறது பாருங்கள். கடல் தாண்டினால் தீட்டு என்கிறார்கள்; சாதிக்கு மட்டும் அந்தத் தீட்டு ஒட்டுவதில்லை.

வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நவம்பர் 11 அன்று இங்கிலாந்தில் சட்டையில் சிவப்புப் பூ குத்திக்கொண்டு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். செத்தவன் எவனாக இருந்தாலும், ஜெனரலாக இருந்தாலும் சிப்பாயாக இருந்தாலும், ஒரே மாதிரி கல், ஒரே மாதிரி எழுத்து என்பது அவர்களுடைய பெருமை. இராக்கில் பஸ்ராவில் உள்ள நினைவுச் சின்னத்தில் என்ன செய்தார்கள்? வெள்ளையர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண் போட்டார்கள். போர்க் கல்லறைகளுக்கான ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையாட்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்று அது சொல்கிறது. மன்னிப்புக் கேட்க நூறு வருசம் ஆச்சு. கேட்டானே என்பது வேறு. பிரோசாபாத்தில் இடம் தர மறுத்ததற்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

சரி. நம்ம கதைக்கு வருவோம். நமக்கென்று ஒரு போர் நினைவுநாள் இருக்கிறது, ஜனவரி 1. புனே பக்கத்தில் பீமா கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறு படை ஒன்று நாள் முழுக்கத் தாக்குப்பிடித்து நிறுத்தியது. அந்த இடத்தில் கம்பெனி ஒரு தூண் வைத்தது. அதில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அது மகர்களின் பெயர். பேஷ்வா ஆட்சியில் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட மக்களின் பெயர், வெட்டவெளியில், கல்லில், எல்லாரும் படிக்கும்படி நிற்கிறது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போனார். அதற்குப் பிறகு வருசா வருசம் மக்கள் போகிறார்கள்.

உயிரைக் கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது? 1890களில் 'போர்க்குடி' என்று ஒரு தத்துவம் கொண்டுவந்தான் வெள்ளைக்காரன். சண்டை போடுகிற சாதி, போடாத சாதி என்று பிரித்தான். நமக்கு வர்ணம் பழசு. அவன் அதைக் காக்கிச் சட்டையில் தைத்துக் கொடுத்தான். மகர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. மதராஸ் படையில் இருந்த நம்ம மக்களுக்கும் அந்தக் காலத்தில்தான் இடம் சுருங்கியது. அம்பேத்கரின் அப்பா சுபேதார். அண்ணல் பிறந்ததே மாவ் என்ற இராணுவ முகாமில். பட்டாளத்தில் சேர்ந்தவனும் அவன் பிள்ளைகளும் படித்தே ஆகணும் என்று இருந்ததால்தான் நம்ம வீடுகளில் எழுத்து நுழைந்தது. கதவைச் சாத்தியபோது சம்பளம் மட்டும் போகவில்லை, சிலேட்டும் போச்சு. சிவராம் ஜன்பா காம்ப்ளே போன்றவர்கள் மனு மேல் மனு எழுதினார்கள். 1917இல் யுத்தத்துக்கு ஆள் பத்தாமல் 111ஆம் மகர் படையை அமைத்தான். யுத்தம் முடிந்ததும் 1921இல் கலைத்தான். 1941இல் மறுபடி யுத்தம், மறுபடி மகர் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட்; கோகிமா வரைக்கும் போய்ச் சண்டை போட்டது, 1946இல் கலைத்துவிட்டான். அதைத் திரும்ப அமைக்கச் சொல்லி வடக்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆள் தேவைப்படும்போது போர்க்குடி, தேவை தீர்ந்தால் பழைய குடி.

கோரேகானைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு இருக்கு. அந்நியனின் வெற்றியைக் கொண்டாடுகிறீர்களே, நீங்கள் தேசத் துரோகிகள் இல்லையா என்று. 'எந்தத் தேசம்?' என்ற பதில் கேள்வியோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அது மட்டும் போதாது. கம்பெனி நம்ம விடுதலைக்காகச் சண்டை போடவில்லை, கொள்ளைக்காகப் போட்டது. தூணை வைத்ததும் அவன் தன் பெருமைக்குத்தான். மகர் சிப்பாய் பேஷ்வாவைப் பழிவாங்கப் போனானா, சம்பளத்துக்குப் போனானா என்பதும் நியாயமான கேள்வி. நம்ம ஆனந்த் டெல்டும்டே இதை எழுதினார். இந்தக் கதையில் புராணம் கலந்திருக்கிறது, அடையாளத்துக்குள்ளேயே நம்மைக் கட்டிப்போடும் என்று, 2018 ஜனவரியில், கலவரச் சூடு ஆறும் முன்பே எழுதினார். நம்மாட்களில் பலருக்கு அவர் மேல் கோபம். பிறகு அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அதே பீமா கோரேகான் வழக்கில் அவரையே உள்ளே தள்ளியது. 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று கைது. 2022 நவம்பரில்தான் வெளியே வந்தார்.

அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடும் உண்டு, ஒரு முரண்பாடும் உண்டு. கம்பெனியின் வெற்றி நமக்குத் தேவையில்லை. அந்த 22 பெயர்கள் தேவை. பஸ்ராவில் எண் போட்டான், இங்கே பெயர் போட்டான். மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு போவது ஸ்டாண்டன் துரைக்கு வணக்கம் சொல்ல இல்லை. தன் பெயரைக் கல்லில் படிக்கப் போகிறார்கள்.

அந்தப் படிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. 2018 ஜனவரி 1, இருநூறாவது ஆண்டு. போன மக்கள் மேல் கல் விழுந்தது, வண்டிகள் எரிந்தன, ஓர் இளைஞர் செத்தார். சில நாள் முன்புதான் பக்கத்து ஊரான வடுவில் கோவிந்த் கோபால் என்ற மகரின் சமாதி பற்றி வைத்த பலகையை உடைத்திருந்தார்கள். சிவாஜியின் மகன் சம்பாஜிக்கு இறுதிக் கடன் செய்தது அந்த மகர்தான் என்று பலகை சொன்னது. மாவீரனுக்குக் கொள்ளி வைத்தவன் தீண்டப்படாதவன் என்று எழுதக்கூடாதாம்! கல் எறிந்தவர்களை விட்டு, விசாரணை வேறு பக்கம் திரும்பி, எழுத்தாளர்களும் வழக்குரைஞர்களுமாகப் பதினாறு பேரைப் பிடித்தது. அதில் ஒருவர் நம்ம திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே செத்தார்.

நம்ம பக்கத்திலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார். தியாகி இம்மானுவேல் சேகரன். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், பிறகு பட்டாளத்தில் சேர்ந்து அவில்தாராக இருந்தவர். தேசம் கேட்கிற இரண்டு தகுதியும் அவரிடம் உண்டு. ஊருக்குத் திரும்பி ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். எல்லையில் எதிரியிடம் தப்பி வந்தவர் சொந்த ஊரில் சமமாகப் பேசியதற்குச் செத்தார். அவருக்குத் தபால்தலை வர 2010 ஆச்சு. மணிமண்டப அறிவிப்பு 2023இல். நடுவில் 2011 செப்டம்பர் 11 அன்று அவர் நினைவிடத்துக்கு வந்த மக்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மற்ற சிப்பாய்க்கு வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். இவர் நினைவுநாளில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அந்த வட்டாரத்தில் நினைவுநாள் என்றாலே தடை உத்தரவுதான். பத்திரிகையில் 'பதற்றம்', 'பலத்த பாதுகாப்பு' என்று வரும். அவர் ஒரு முன்னாள் படைவீரர் என்று எந்தத் தலைப்பில் படித்தீர்கள்?

காசு விசயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்த துணை இராணுவத்தினரைப் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளினார்கள். முப்படைக்கு மட்டும் பழையது. புல்வாமாவில் செத்தவர்கள் துணை இராணுவம். 2022இல் வந்த அக்னிபத்தில் நாலு வருச வேலை, ஓய்வூதியம் கிடையாது. செத்தால் குடும்பத்துக்கு ஒட்டுமொத்தமாகத் தொகை உண்டு, மற்ற சிப்பாயின் மனைவிக்கு மாசாமாசம் வருகிற பணம் கிடையாது. மலர்வளையத்தில் குறை வைக்கவில்லை.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். முதல் உலக யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் ஊர் ஊராகச் சின்னக் கல்வெட்டுகள் பதித்தான். தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இருக்கு. இந்தக் கிராமத்தில் இருந்து 1914-1919 யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண்தான், பெயர் இருக்காது. தாலுகா ஆபீஸ் சுவரில், சாவடியில், கோயில் மதிலில், சில இடத்தில் சுண்ணாம்பு அடித்து மறைந்து கிடக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தேடுங்கள். கல் ஊரில் இருக்கா, நம்ம தெருவில் இருக்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சேரியில் கிழவிகளிடம் உட்காருங்கள். 'பட்டாளத்தார் வீடு' என்று பேர் இருக்கிற வீடு எது, யார் போனது, திரும்பி வந்தாரா, மெடலை அடகு வைத்தார்களா என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கோ பென்ஷன் புத்தகமோ இருந்தால் நகலெடுங்கள். அசலை வாங்கி வராதீர்கள், அது அவங்க சொத்து. யார் யார் கூலியாகவும் தோட்டியாகவும் போனார்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள். கிடைத்த பெயர்களை ஊர்வாரியாக இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் போடச் சொல்லி ஆசிரியர் தோழர்களைக் கேட்டிருக்கிறேன்.